எல்லாப் பணிக்கும் ஒரு திரை

சென்ற வாரம் நந்தினி போன் செய்தாள். நான் வேலை பார்த்த கணினி விளையாட்டு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் எனக்குப் பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தவள். நலம் விசாரித்து முடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, கேம்ல இப்ப வந்த விரிவுல எல்லாக் கேரக்டரும் தானாப் பேசுதுக்கா. நாம எழுதிக் குடுக்கவே வேணாம். என்ன கேட்டாலும் அதுவே யோசிச்சுப் பதில் சொல்லுது."

"நல்லதுதானே. யாரு யாரு பேசுறாங்க?"

"எல்லாரும்."

"குதிரை?"

"பேசுதுக்கா."

"கதவு?"

"கதவு அடுத்த அப்டேட்லக்கா" என்றாள்.

நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போல. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நீங்க இருந்தப்பவும் இப்படித்தானாக்கா? அதை எழுதிக் குடுங்களேன், இங்க உள்ளவங்களுக்குக் காட்டுறேன்" என்றாள். எழுதுவதால் ஒரு மண்ணும் ஆகப்போவதில்லை என்று அவளிடமே சொன்னேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் மதுரைத் தமிழ், ஆபீஸில் பாதி இங்கிலீஷ். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு போன் கம்பெனியில் பல வருஷம் திட்டு வாங்கினேன். பில் தப்பு, சிக்னல் இல்லை, யாரைக் கேட்டு காலர் டியூன் வைத்தாய், இந்த மூன்றுக்குத்தான் ஜனங்கள் திட்டுவார்கள். அந்தக் கம்பெனி கடையைக் கட்டியதும், புறவழிச் சாலையில் இருந்த விளையாட்டு நிறுவனத்தில் தமிழில் பொறுமையாகப் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்தேன். "பொம்மை விளையாட்டுக்குமா புகார்ப் பிரிவு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். ஒரு மாதம் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை.

விளையாட்டின் பெயர் ஏழ்கரை நாடு. கணினியில் ஒரு நாடு. ஆளுக்கு ஓர் உருவம் எடுத்துக்கொண்டு, எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒரே நேரத்தில் அதற்குள் நடமாடுவார்கள். செய்து முடிக்க ஆங்காங்கே வேலைகள் இருக்கும், அவற்றுக்குப் பணி என்று பெயர். கொள்ளைக்காரனை விரட்டு, மூலிகை பறித்து வா, இப்படி. பழசு அலுத்துப்போகும் சமயத்தில் புதுக் கதையும் புது வசதியுமாக ஒரு பெரிய சேர்க்கை வரும். அதைத்தான் விரிவு என்போம். ஆனால் நான் பார்த்த வரையில் பாதிப் பேர் பணி எதுவும் செய்வதில்லை. மருதூர் என்று அதில் ஒரு சின்ன ஊர் உண்டு. அதன் கிணற்றடியில் நின்று சாயங்காலமெல்லாம் ஊர்க்கதை பேசுவார்கள். அதற்காகவே சந்தா கட்டியவர்கள் நிறையப் பேர்.

விரிவில் என்ன வர வேண்டும் என்று முடிவு செய்கிறவர் வாசுதேவன் சார். என்னைவிட வயதில் சின்னவர். அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டார். யாராவது தன்னிடம் குறை சொன்னால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "நல்ல பாயிண்ட் மேடம்" என்பார். அப்படிச் சொல்லிவிட்டால் அது நடக்காது என்று அர்த்தம். இது எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. ஆரம்பத்தில் நான் சொன்னதையெல்லாம் பாராட்டுகிறார் என்று வீட்டில் வந்து பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. வீட்டுக்குப் புது மிக்ஸி வந்தால் ஒரு மாதத்துக்கு எது கிடைத்தாலும் அரைத்துத் தள்ளுவோமே, அந்தப் புத்திதான். ஒரு விரிவில் ஏறிப் பறக்கிற பறவை வந்தது. முதல் பணியில் பறந்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. சாரின் அறையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. விரிவில் உள்ள பணிகளையெல்லாம் அதில் கட்டம் கட்டமாக எழுதி, பறவை இருக்கிற கட்டத்துக்குப் பச்சை அடித்திருப்பார். பச்சை இல்லாத கட்டத்தைக் காட்டி, "இது ஏன் காலியா இருக்கு?" என்பார். அது பாட்டுக்கு இருந்த பணியில் பறவை ஏறும். கடிதம் கொண்டுபோகப் பறவை. தண்ணீர் மொள்ளப் பறவை. பக்கத்து வீட்டுக்காரியிடம் உப்பு வாங்கிவரக்கூடப் பறவைமேல் ஏறி, பறந்து, இறங்க வேண்டும். கை வலிக்கிறது என்று புகார்கள் வந்தன. எடுத்துக்கொண்டு போனேன். நல்ல பாயிண்ட் மேடம்.

அடுத்த விரிவில் திரை வந்தது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முன்பெல்லாம் நீங்கள் ஒரு ஊரைத் தீயிலிருந்து காப்பாற்றினாலும், அடுத்த ஆளுக்காக அது மறுபடி எரிந்துகொண்டுதான் இருக்கும். திரை வந்த பிறகு, நீங்கள் காப்பாற்றினால் உங்கள் கண்ணுக்கு அந்த ஊர் காப்பாற்றப்பட்ட ஊராகவே தெரியும். இன்னும் காப்பாற்றாதவருக்கு எரிகிற ஊர் தெரியும். ஒரே இடத்தில் இரண்டு ஊர், நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் தெரியமாட்டார். கதையில் ஒரு பெரிய இடத்தில் மட்டும் வைத்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். வெள்ளைப் பலகை விடுமா? மருதூரில் மட்டும் எல்லாப் பணிக்கும் ஒரு திரை போட்டார்கள். ஓடிப்போன கோழியைப் பிடித்துக் கூட்டில் அடைப்பது ஒரு பணி. அடைத்ததும் உங்கள் மருதூர் வேறு, அடைக்காதவர் மருதூர் வேறு.

விரிவு வெளியான சில நாட்களில் எழுமலையிலிருந்து ஒரு புகார் வந்தது. "கிணத்தடியில ஒருத்தரையும் காணோம். சர்வர் செத்துப்போச்சா?" அனுப்பியவர் பெயர் முருகேசன். விளையாட்டுக்குள் அவர் பெயர் ரூட்டு.

ரூட்டை எனக்கு முன்பே தெரியும். மருதூருக்கு வரும் புது ஆட்களுக்கு எந்தப் பாதையில் கொள்ளைக்காரன் நிற்பான், எந்த ஆற்றில் இறங்கலாம் என்றெல்லாம் சலிக்காமல் வழி சொல்வார். அவரோடு எப்போதும் மூன்று பேர் இருப்பார்கள். மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண், சிவகாசி அச்சகத்துக்காரர் ஒருவர், சென்னையில் படிக்கும் ஒரு பையன். நால்வரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. தினமும் கிணற்றடியில் கூடிவிடுவார்கள்.

சோதனைப் பிரிவைக் கேட்டேன். அங்கே கண்ணன் என்பவர் பொறுப்பில் இருந்தார். "எங்களுக்கு எல்லாரும் தெரியுறாங்களே மேடம். இங்க பாருங்க" என்று காட்டினார். உண்மைதான். அவர்கள் பிரிவின் உருவங்கள் மொத்தமும் கிணற்றைச் சுற்றித் திருவிழாக் கூட்டமாக நின்றன. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர்கள் வேலை செய்யும் முறையைக் கேட்டபோதுதான் விளங்கியது. தினமும் காலையில் ஒரு கணக்கை எடுத்து, அதையே எல்லாருக்கும் நகல் போட்டுக் கொடுப்பார்கள். தாய்க்கணக்கு என்று பெயர். எல்லாரும் முதலிலிருந்து விளையாடி வந்தால் நேரம் வீணாகும் என்று செய்த ஏற்பாடு. ஒரே தாயின் பிள்ளைகள், எல்லாரும் அதே பணியை முடித்தவர்கள், ஆகவே எல்லாரும் திரைக்கு ஒரே பக்கத்தில். இரண்டு பேர் வேறு வேறு பணியில் நின்றால் என்ன ஆகும் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவரும் ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை.

நான் ஒரு புதுக் கணக்கு தொடங்கி, முட்டி மோதி மருதூர் வரைக்கும் போனேன். கண்ணனின் கணினிக்குப் பக்கத்தில் என் மடிக்கணினியை வைத்தேன். அவருடைய உருவம் கிணற்றுக்கு வடக்கே நின்றது. என் உருவமும் அதே வடக்கில், அதே கல்மேல் நின்றது. அவர் பக்கத்தில் நான் இல்லை. என் பக்கத்தில் அவர் இல்லை. என் மருதூரில் ஒரு கோழி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணன் தலையைச் சொறிந்தார். சாரைக் கூப்பிட்டோம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"சூப்பரா வேலை செய்யுது மேடம்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டி பஸ் ஏறி, அங்கிருந்து எழுமலைக்குப் போனேன். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது விதி. எனக்கு அப்போது விதியெல்லாம் எரிச்சலாக இருந்தது. முருகேசன் லாரி ஓட்டியவர். கம்பம் மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து முதுகெலும்பு போய்விட்டது. இடது கை அசையாது, வலது கையில் இரண்டு விரல் மட்டும் சொன்னபடி கேட்கும். கட்டிலை ஒட்டி ஒரு பலகை, அதன்மேல் கணினி. அவர் மனைவி பாண்டியம்மாள் அதே அறையில் தையல் மெஷின் போட்டிருந்தார்.

"ஊர்ல இருக்கிறவுக வாராக, எப்படி இருக்கன்னு கேக்குறாக, போயிர்றாக" என்றார் முருகேசன். "நான் எப்படி இருக்கேன்னு கேக்காமப் பேசுறது அந்த மூணு பேருதான்க்கா. அவுகளுக்கு நான் படுத்துக் கெடக்குறதே தெரியாது."

அவருக்கு என்ன ஆயிற்று என்று அன்று கண்ணால் பார்த்தேன். தீப்பிடித்த மருதூருக்கு மேலே பறவையில் பறந்து, வருகிற அம்புகளுக்கு விலகி விலகிப் போகும் பணி ஒன்று. இடது கையால் விசை, வலது கையால் மவுஸ். இரண்டு விரலை வைத்துக்கொண்டு எப்படிச் செய்வார்? நண்பர்கள் மூவரும் அதை முடித்துத் திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். இவர் தாண்ட முடியாமல் இந்தப் பக்கமே நின்றுவிட்டார். பாண்டியம்மாள் ஒரு கையும் அவர் ஒரு கையுமாக ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். பறவை ஒவ்வொரு தடவையும் ஆற்றில் விழுந்ததாம்.

"துணி தைக்கிற கை, பறவைய ஓட்டச் சொன்னா எங்கிட்டு ஓட்டும்?" என்றார் பாண்டியம்மாள்.

நானும் உட்கார்ந்து பார்த்தேன். என் பறவையும் ஆற்றில்தான் விழுந்தது. மூவருமே சிரித்துவிட்டோம். ஒரு பணி என்றால் யாரையாவது பிடித்துத் தாண்டிவிடலாம். அதைத் தாண்டினால் அடுத்தது, அதிலும் பறவை, அதற்கும் ஒரு திரை. போன விரிவின் பைத்தியமும் இந்த விரிவின் பைத்தியமும் ஒன்றாகச் சேர்ந்து அந்த மனிதர் தலையில் விழுந்திருந்தன.

நால்வரும் எழுத்தில் பேசிக்கொள்ள மட்டும் முடிந்தது. அதற்குத் திரை தடையில்லை. நான் இருக்கும்போதே சிவகாசிக்காரரின் வரி வந்தது. "மாப்ள, கிணத்தடிலதான் நிக்கிறேன். நீ எங்க இருக்க?"

"நானும் இங்கனதான் மாப்ள" என்று இரண்டு விரலால் நிதானமாக அடித்தார் முருகேசன். பிறகு தன் உருவத்தைக் கிணற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். ஏன் என்று கேட்டேன்.

"அவுக நிக்கிற எடத்துல நான் ஏறி நின்னுறக் கூடாதுல்லக்கா."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் வீட்டில் ஏதும் துக்கமா என்று கேட்டார். என்னவென்று சொல்வது?

சிவகாசிக்காரர் நல்ல மனுஷர். முருகேசனுக்காகவே ஒரு புது உருவம் எடுத்து, முதலிலிருந்து விளையாடி, அவர் நிற்கிற மருதூருக்கே வந்தார். சில நாள் இருவரும் பழையபடி கிணற்றடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பேச்சுவாக்கில் காலடியில் ஓடிய கோழியைப் பிடித்துக் கூட்டில் போட்டுவிட்டார். அதோடு மறைந்துபோனார். முருகேசனும் கோழியைப் பிடிக்கலாமே என்றால், அவர் அந்தப் பணியை எப்போதோ விட்டுவிட்டு வேறு பணி வரிசையில் போயிருந்தார். இனி அவருக்கு அந்தக் கோழி கிடைக்காது. இதையெல்லாம் புகாராக எழுதினால் படிக்கிறவன் நம்மைப் பைத்தியம் என்பான். நான் எழுதினேன்.

நான் கேட்டது பெரிய காரியமே இல்லை. பறவைப் பணியைச் செய்ய முடியாதவர்கள் தாண்டிப்போக ஒரு பொத்தான். அரை நாள் வேலை என்று கண்ணனே சொன்னார். சாரிடம் போனேன். கண்ணாடி கழன்றது, துடைக்கப்பட்டது, வெளிச்சத்துக்குப் போனது. நல்ல பாயிண்ட் மேடம்.

அன்று நான் விடவில்லை. "சார், நீங்க இந்த வார்த்தை சொன்னா நடக்காதுன்னு எனக்குத் தெரியும். ஏன் நடக்காதுன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் கோபப்படவில்லை. கணினியைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க மேடம், விரிவை முடிச்ச எல்லாரும் பறவையைப் பயன்படுத்தியிருக்காங்க. எல்லாரும் திரையைத் தாண்டியிருக்காங்க. இவ்வளவு பிடிச்ச ஒண்ணைத் தாண்டிப் போறதுக்கு நாம ஏன் பொத்தான் வைக்கணும்?"

"ஊருக்கு ஒரே பாலம் இருந்தா எல்லாரும் அதுலதான் சார் போவாங்க. அதை வெச்சு ஜனங்களுக்குப் பாலம்னா உசுருன்னு எழுதுவீங்களா?"

"புரியுது மேடம்" என்றார். புரியவில்லை. அவர் கட்டங்களில் பச்சைதான் தெரியும், பறவை விழுந்த ஆறு தெரியாது. மேலே எழுதிப் போட்டேன். அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரிடமே கருத்துக் கேட்டார்கள். அத்தோடு முடிந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய விரிவுக்குச் சொந்த ஊர் என்று பெயர். தனியாக இருக்கிறோம் என்று வந்த புகார்களை சார் உண்மையிலேயே படித்திருந்தார். படித்துவிட்டு அவர் கண்ட மருந்து, ஆளுக்கு ஓர் ஊர். ஒவ்வொருவருக்கும் வீடு, தோட்டம், கோயில், ஏவினால் ஓடி வர விளையாட்டே படைத்துத் தரும் வேலையாட்கள். அடுத்தவர் உள்ளே வர முடியாது. வெள்ளைப் பலகையில் புது நிறம் ஏறியது. எல்லாப் பணியும் சொந்த ஊரிலேயே கிடைக்கும், அங்கேயே முடியும், கூலியும் அங்கேயே கைக்கு வரும். வெளியே வரக் காரணமே இல்லை.

இதில் ஒரே ஒரு நல்லது நடந்தது என்று நினைத்தேன். திரை பழசாகிவிட்டதால் அதைப் பராமரிக்க ஆள் ஒதுக்க மனமில்லாமல், மருதூரின் திரைகள் மொத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். எத்தனை தடவை கெஞ்சியும் நடக்காதது, யாரும் கேட்காமலே நடந்தது. யார் எந்தப் பணியில் நின்றாலும் இனி எல்லாருக்கும் ஒரே மருதூர். முருகேசனுக்கு நானே போன் செய்தேன்.

"தம்பி, திரை போயிருச்சு. கிணத்தடிக்குப் போங்க."

"நெசமாவாக்கா? இந்தா, இப்பவே போறேன். அம்புட்டுப் பேருக்கும் சொல்லி விடுறேன்" என்றார். பாண்டியம்மாளிடம் அவர் சத்தமாகச் சொல்வது எனக்குப் போனில் கேட்டது. அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கியது.

சில நாள் கழித்து, நான் ஆபீஸில் இருந்தபோது அவரிடமிருந்து ஒரு புகார் வந்தது. போனில் சொல்லியிருக்கலாம். புகாராகவே அனுப்பியிருந்தார்.

"அக்கா, திரை இன்னும் முழுசாப் போகல போல. அவுக வாரோம்னுதான் சொன்னாக. தெனமும் வந்து நிக்கிறேன். ஒருத்தரையும் காணோம். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

நிறுவனத்தின் உருவம் ஒன்றை எடுத்துக்கொண்டு மருதூருக்குப் போனேன். அந்த உருவத்தில் போனால் எல்லாரும் கண்ணுக்குத் தெரிவார்கள், எந்த மறைப்பும் கிடையாது. கிணற்றடியில் ரூட்டு மட்டும் நின்றார். தெருவில் யாரும் இல்லை. மற்ற மூவரும் எங்கே என்று தேடினேன். மூவரும் உள்ளேதான் இருந்தார்கள், அவரவர் சொந்த ஊரில். நர்ஸ் தோட்டத்தில் விதை போட்டுக்கொண்டிருந்தார். பையன் கோட்டைச் சுவரை உயர்த்திக்கொண்டிருந்தான். சிவகாசிக்காரர் வேலையாட்களுக்கு வேலை பிரித்துக்கொண்டிருந்தார். யாரும் முருகேசனை வெறுக்கவில்லை. வேலை அங்கே இருந்தது, இருந்துவிட்டார்கள்.

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "தம்பி, திரை முழுசாப் போயிருச்சு. இப்ப எல்லாருக்கும் ஒரே மருதூர்தான்" என்று அடித்தேன்.

பதில் வர வெகுநேரம் ஆனது. இரண்டு விரலால் அடிக்க வேண்டுமே.

"அப்ப இங்க நெசமாவே யாரும் இல்லையாக்கா?"

"இல்ல தம்பி."

"பழைய திரையத் திரும்பப் போட முடியுமா? அது இருந்தப்ப இங்கனதான் நிக்கிறாகன்னு நெனச்சுக்கிருவேன்."

மடிக்கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு வாசுதேவன் சாரின் அறைக்குப் போனேன். இதையாவது படியுங்கள் என்று முன்னால் வைத்தேன். பொறுமையாகப் படித்தார். நிமிர்ந்தபோது முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"பாத்தீங்களா மேடம், திரையை மிஸ் பண்றாங்க. அடுத்த விரிவுல எல்லா ஊர்லயும் போட்டுருவோம்."

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, "முடியாது தம்பி" என்று அனுப்பினேன். "சரிக்கா, பரவால்ல" என்று வந்தது. அதன் பிறகு முருகேசனிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை. நான் செய்த போனை ஒவ்வொரு தடவையும் பாண்டியம்மாள்தான் எடுத்தார், அவர் தூங்குகிறார் என்றார். வெகுநாள் புகார் செய்யாதவர்களைத் திருப்தியான வாடிக்கையாளர் என்ற பிரிவில் சேர்ப்பது எங்கள் வழக்கம். அவரையும் அதில்தான் சேர்த்தார்கள்.